ஸமர்கந்துக் குன்றில் ஒரு லுஹர் வேளை

ஸமர்கந்து என்ற பெயரைக் கேட்டதும் உங்களில் பலருக்கு இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் நினைவுதான் வரும். எனக்கும் அப்படித்தான். 2025 ஏப்ரலில், நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு எங்கள் ஊர் ஜமாஅத்தார் சிலருடன் நான் உஸ்பெகிஸ்தானுக்குப் புறப்பட்டதும் அன்னாரின் அடக்கத்தலத்தைத் தரிசிக்கும் நோக்கத்தோடுதான். அந்த ஸியாரத்தைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்கள் குழுவிலேயே இருந்தார்கள். நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. நகரின் வடகிழக்கு ஓரத்தில், ஒரு குன்றின் மேல், நிலத்தைக் குடைந்து அமைத்த ஒரு பள்ளம் இருக்கிறது. ஆம், வெறும் பள்ளம்தான். அதைப் பார்க்க வேண்டுமென்ற ஆசை எனக்கு ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் கதையல்ல.

நான் ஓதிய காலத்தில் எங்கள் உஸ்தாத் ஒருவர் இந்தியாவில் கற்றவர். அவரிடம் பழைய கல்லச்சுப் பிரதியொன்று இருந்தது. 'ஷர்ஹுல் சக்மீனி' என்பது அதன் பெயர். வான சாஸ்திரக் கிதாபு. பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் வியாழக்கிழமை இரவுகளில் சில பக்கங்களை எங்களுக்கு ஓதிக் கொடுத்தார். நடுவில் பூமி, அதைச் சுற்றி வெங்காயத்தின் தோல்கள் போல ஒன்பது பலக்குகள்: சந்திரன், புதன், வெள்ளி, சூரியன், செவ்வாய், வியாழன், சனி, அதற்கு மேல் நட்சத்திரங்களின் பலக்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றுமே பதிக்கப்படாத அத்லஸ். அந்த வரிசையை இன்றும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நான் ஆசிரியனானதும், தொழுகை நேரமும் கிப்லாத் திசையும் கணிக்கும் பாடத்தின் இடையிடையே அதையே என் மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். 2025 ஜனவரி இறுதியில் ஒரு நாள், இஷாவுக்குப் பிறகு விடுதியின் மொட்டைமாடியில் நின்றபோது, கிழக்கு மாகாணத்துக் கரையோர ஊரொன்றைச் சேர்ந்த மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். அவனுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர். ஆகவே வானம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். "ஹஸ்ரத், அந்தச் சிவப்பு நட்சத்திரம் டிசம்பர்ல இந்த ரெண்டு நட்சத்திரத்துக்கும் கிழக்கால நின்டது. இப்ப அதுகளத் தாண்டி மேற்கால போகுது. கோளெல்லாம் கிழக்குப் பக்கமாத்தானே நகரணும்? ஏன் இது பின்னுக்குப் போகுது?" என்று கேட்டான். மிதுன ராசியின் இரட்டை நட்சத்திரங்களையும் அவற்றினருகே நின்ற செவ்வாயையும்தான் அவன் காட்டினான்.

கிதாபில் உள்ளதைச் சொன்னேன். செவ்வாய் பெரிய வட்டத்தின் மேல் நேராக ஏற்றப்பட்டிருக்கவில்லை. 'தத்வீர்' எனும் சிறு வட்டமொன்றில் சுழல்கிறது. அந்தச் சிறு வட்டம்தான் பெரிய வட்டத்தில் போகிறது. சிறு வட்டத்தின் உட்புறத்துக்குக் கோள் வரும்போது பின்னோக்கிப் போவதாகத் தெரியும் என்றேன். அவன் விடவில்லை. "பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்துல சூரியன்தானே ஹஸ்ரத் நடுவுல? அப்ப நம்மட இமாம்கள் பிழை விட்டுட்டாங்களா?"

பெரியவர்களைப் பிழை சொல்லும் வயது உனக்கு வந்துவிட்டதா என்று கேட்டேன். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கீழே இறங்கிவிட்டான். அதன் பின் ரமழான் விடுமுறை வரை அந்தப் பிள்ளை வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரியாததால்தான் அதட்டினேன் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கும்.

அந்தக் கிதாபின் விரிவுரையாசிரியர் காழீஸாதா அர்ரூமி வாழ்ந்து கற்பித்த ஊர் ஸமர்கந்து. மூலநூலை எழுதிய சக்மீனியும் இன்றைய உஸ்பெகிஸ்தானுக்கு உரித்தான குவாரிஸ்ம் பிரதேசத்தவர். பயணப் பட்டியலில் ஸமர்கந்து என்று கண்டதும் அந்தக் குன்றுக்கு எப்படியும் போய்விட வேண்டும் என்று நிய்யத் வைத்துக்கொண்டேன்.

தாஷ்கந்திலிருந்து ஸமர்கந்துக்கு அப்ராஸியாப் என்ற அதிவேக ரயில் ஓடுகிறது. இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான பயணம். யன்னலோரம் எனக்குக் கிடைத்தது. ரயில் பாதைக்குச் சமாந்தரமாக ஓரிடத்தில் நெடுஞ்சாலை வந்தது. அதில் பாரலொறியொன்று எங்கள் திசையிலேயே போய்க்கொண்டிருந்தது. ரயில் அதை எட்டிப் பிடித்துக் கடக்கும்போது, பின்னணியில் தெரிந்த மலைத்தொடரோடு வைத்துப் பார்த்தால், அந்த லொறி பின்னோக்கி நகர்வது போலிருந்தது. உண்மையில் அது ஒரு கணமும் நிற்கவில்லை. முன்னோக்கியே ஓடியது. எங்கள் வேகம் அதிகம், அவ்வளவுதான். என் பிள்ளை கேட்ட கேள்விக்கு விடை அந்த யன்னலில் கிடந்தது. பூமி விநாடிக்கு அண்ணளவாக 30 கிலோமீற்றர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. வெளிப்புறத்தில் உள்ள செவ்வாயின் வேகம் 24 கிலோமீற்றர். நாம் 365 நாளில் ஒரு சுற்று முடிக்க அதற்கு 687 நாள் வேண்டும். சராசரியாக 780 நாளுக்கொரு தடவை நாம் அதைப் பிடித்து முந்துகிறோம். முந்தும் அந்த இரண்டு மூன்று மாதங்களில் மட்டும் தூரத்து நட்சத்திரங்களின் முன்னால் செவ்வாய் பின்னுக்குச் செல்வதாகத் தோன்றும். பழைய அறபு நூல்கள் இதை 'ருஜூஉ' என்கின்றன. புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்துக்கும் அவர்கள் வைத்த பெயர் 'அல்முதஹய்யிரா', திகைத்து நிற்பவை. எவ்வளவு அழகான பெயர்! திகைத்தது கோள்களா, பார்த்தவர்களா என்றுதான் எனக்கு அன்று தோன்றியது.

ஸமர்கந்தில் ரெஜிஸ்தான் சதுக்கத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். மூன்று மத்ரஸாக்கள் மூன்று பக்கமும் எதிரெதிரே நிற்க, நீல ஓடுகள் வெயிலில் ஒளிரும். அவற்றில் மூத்தது உலூக் பேக்கின் மத்ரஸா. 1417இல் தொடங்கி 1420இல் முடிந்தது. அதன் முகப்பு முழுவதும் நட்சத்திரக் கோலங்கள். அறைகளில் இப்போது கைவினைப் பொருட்கள் விற்கிறார்கள். எங்கள் குழுவினர் தொப்பியும் துணியும் வாங்கிக்கொண்டிருக்க, நான் வழிகாட்டியான இளைஞரிடம் குன்றுக்கு எப்போது போவோம் என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன். "போவோம் தோம்லா" என்று சிரித்தார். மார்க்க ஆசிரியரை அந்நாட்டார் மரியாதையாக அழைக்கும் சொல் அது. நம்மவர் 'ஹஸ்ரத்' என்பதைப் போல.

உலூக் பேக் யார் என்று கேட்கிறீர்களா? தைமூரின் பேரன். 1394இல் பிறந்தார். முஹம்மத் தாரகாய் என்பது இயற்பெயர். உலூக் பேக் என்றால் 'பெரிய தலைவர்' என்று பொருள். பாட்டன் நாடுகளைப் பிடித்தார், பேரன் நட்சத்திரங்களைப் பிடிக்க முயன்றார். அரசாட்சியில் அவர் பெரிய கெட்டிக்காரரென்று சரித்திரம் சொல்லவில்லை. போர்களில் பலமுறை தோற்றிருக்கிறார். ஆனால் 1420களில் அவர் இந்தக் குன்றின் மேல் எழுப்பிய அவதான நிலையத்துக்கு நிகரானது அன்றைய உலகில் வேறெங்கும் இருக்கவில்லை.

குன்றடியில் அவருடைய சிலை. மேலே ஏறினால் ஒரு சிறிய நூதனசாலை, எதிரே செங்கல்லால் கட்டிய வாசல் வளைவு. அதற்குள் நுழைந்து எட்டிப் பார்த்தால்தான் பள்ளம் தெரிகிறது. இறங்க அனுமதியில்லை. பாறையைக் குடைந்து, வடக்குத் தெற்காக, வில்லைப் போல வளைந்து கீழே போகும் இரண்டு சமாந்தரமான சுவர்கள்; அவற்றின் மேல் சலவைக்கல்; குறுக்கே வெட்டப்பட்ட கோடுகள்; இரு பக்கமும் படிகள். ரயில் தண்டவாளமொன்று நிலத்துக்குள் இறங்குகிறதோ என்று முதல் பார்வையில் நினைக்கத் தோன்றும்.

பிள்ளைகளின் கணிதப் பெட்டியில் இருக்கும் பாகைமானியை நினைத்துக் கொள்ளுங்கள். அதில் ஒரு பாகை என்பது மயிரிழை அகலம். உலூக் பேக் செய்தது, அந்தப் பாகைமானியை 40 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் ஒரு துண்டாகப் பெருப்பித்ததுதான். அப்போது ஒரு பாகையின் அகலம் 70 சென்ரிமீற்றர் ஆகிவிடுகிறது. பாகையை அறுபதாகப் பங்கிட்ட ஒரு கலைகூட 12 மில்லிமீற்றர் வருகிறது. கண்ணால் பார்த்து விரலால் தொட்டுக் காட்டலாம்! தொலைநோக்காடி கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வேறு என்ன வழி இருந்தது? கருவியைப் பெரிதாக்குவது ஒன்றே வழி.

இதன் மேல் மூன்று மாடியில், 30 மீற்றர் உயரமான வட்டக் கட்டடமொன்று நின்றது. தெற்குப் பக்கத்து உச்சியில் ஒரு சிறு துவாரம். நண்பகலில் சூரியன் சரியாகத் தெற்கே வரும்போது அந்தத் துவாரத்தினூடாக இறங்கும் ஒளி வில்லின் மேல் விழும். கோடையில் சூரியன் உயர்ந்து நிற்பதால் ஒளி வில்லின் அடியில் விழும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வதால் மேலே ஏறும். மேற்பகுதி முழுவதும் அழிந்துவிட்டது. இன்று நாம் பார்ப்பது நிலத்துக்குள் இருந்ததால் தப்பிய அடிப்பகுதி, அதாவது கோடைகால நண்பகல்கள் விழுந்த இடம்.

ஸமர்கந்தில் கோடையின் உச்ச நாளில் நண்பகல் சூரியனின் உயரம் ஏறத்தாழ 74 பாகை. குளிர்காலத்தின் அடிமட்ட நாளில் 27 பாகை. வித்தியாசம் 47. அதில் பாதிதான் பூமியின் அச்சுச் சாய்வு. அவர்கள் கண்டெடுத்த அளவு 23 பாகை 30 கலை 17 விகலை. அந்தக் காலத்துக்குரிய உண்மை அளவோடு ஒரு கலைகூட வித்தியாசமில்லை. நட்சத்திரங்களை வைத்து ஒரு வருடத்தின் நீளத்தை 365 நாள் 6 மணி 10 நிமிடம் 8 விநாடி என்று கணித்தார்கள். இன்றைய கணக்குக்கும் அதற்கும் ஒரு நிமிடம்கூட வேறுபாடில்லை. 1437இல் நிறைவான 'ஸீஜே ஸுல்தானி' என்ற அட்டவணை நூலில் 1018 நட்சத்திரங்களின் இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன.

நான் அங்கே நின்றபோது கடிகாரம் பன்னிரண்டரையைத் தாண்டியிருந்தது. ஸமர்கந்தில் அதுதான் சூரியன் உச்சிக்கு வரும் நேரம். நாம் லுஹருக்குக் காத்திருக்கும் அந்த 'ஸவால்' வேளைதான் இந்தக் கருவியின் வேலை வேளை. அன்று சூரியன் ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் இருந்திருக்கும். ஆனால் துவாரம் இல்லை, கூரையும் பிற்காலத்தது. ஒளி எங்கே விழுந்திருக்கும் என்று மனதுக்குள் அளந்து பார்த்துக்கொண்டேன்.

இங்கே ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நுட்பமாக அளந்த இந்த அறிஞர்களும் பூமியை நடுவில் வைத்தே கோள்களைக் கணித்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த பத்லமியூஸ் (தொலமி) அமைத்துக் கொடுத்த வான மாதிரியே அவர்களுடையதும். நம்முடைய மேடைகளில் சிலர், எல்லாவற்றையும் முஸ்லிம்கள் முன்னரே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். நானும் முழங்கியிருக்கிறேன். அது அந்த அறிஞர்களுக்குச் செய்யும் மரியாதையல்ல. அவர்கள் உண்மையில் செய்தது அதைவிடச் சுவாரசியமானது.

தொலமியின் மாதிரியில் ஒரு கோளாறு இருந்தது. வானத்தில் எல்லாம் சீரான வேகத்தில் வட்டமாகச் சுழல்கின்றன என்று சொல்லிவிட்டு, அந்தச் சீரான வேகத்தை வட்டத்தின் மையத்திலிருந்து அளக்காமல், மையத்திலிருந்து விலகிய இன்னொரு புள்ளியிலிருந்து அளந்தார். கணக்குச் சரியாக வந்தது, நியாயம் சரியாக வரவில்லை. பதினோராம் நூற்றாண்டில் இப்னுல் ஹைதம் 'அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ்' என்று, தொலமியின் மீதான ஐயங்கள் எனப் பெயரிட்டே ஒரு நூல் எழுதினார். பெயரைப் பாருங்கள்! வானியலின் இமாம் என மதிக்கப்பட்டவரின் மேல் சந்தேகம் என்று நூலுக்கே பெயர். 1259இல் மராகாவில் அவதான நிலையம் கட்டிய நஸீருத்தீன் தூஸி, ஒரு சிறு வட்டம் தன்னைப்போல் இருமடங்கு பெரிய வட்டத்துக்குள் உருளும்போது, சிறு வட்டத்தின் விளிம்பிலுள்ள புள்ளி நேர்கோட்டில் போய் வருவதைக் காட்டி அந்தக் கோளாறைத் திருத்த முனைந்தார். திமிஷ்கின் உமவிய்யாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் பணியில் இருந்த இப்னுஷ் ஷாதிர் (மறைவு 1375) சந்திரனுக்கு வகுத்த மாதிரியும், 1543இல் சூரியனை நடுவில் வைத்துப் புத்தகம் எழுதிய கொப்பர்னிக்கஸ் சந்திரனுக்கு வகுத்த மாதிரியும் கணித ரீதியில் ஒன்றே. அது எவ்வழியாக ஐரோப்பாவைச் சென்றடைந்தது என்பதை ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஆயினும் இப்னுஷ் ஷாதிர் பூமியை நடுவிலிருந்து அசைக்கவில்லை. அந்த ஒரு அடியை அவர் எடுத்து வைக்கவில்லை.

நடுவைச் சூரியனுக்குக் கொடுத்த கொப்பர்னிக்கஸும் வட்டங்களைக் கைவிடவில்லை. அவரிடமும் சிறு வட்டங்கள் இருந்தன. 1609இல் கெப்ளர்தான் செவ்வாய் போவது வட்டத்திலல்ல, நீள்வளையத்தில் என்று காட்டினார். டென்மார்க்கின் தைக்கோ பிராஹே கண்ணால் மட்டும் பார்த்து அளந்து வைத்த செவ்வாயின் இடங்களுக்கும் தன் வட்டக் கணக்குக்கும் இடையே எட்டுக் கலை வித்தியாசம் இருப்பதைக் கண்டு, அதைச் சிறு பிழையென்று தள்ளிவிட மனமில்லாமல்தான் கெப்ளர் வட்டத்தையே தள்ளினார். ஸமர்கந்துப் பள்ளத்தில் எட்டுக் கலை என்பது ஒன்பது சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். அதன் அகலம்தான்.

நூதனசாலையில் ஜம்ஷீத் அல்காஷியைப் பற்றிய விபரங்கள் உள்ளன. காஷான் நகரத்திலிருந்து இங்கு வந்து சேர்ந்த பெரும் கணித மேதை. 1429இல் மறைந்தார். தன் தந்தைக்கு அவர் ஸமர்கந்திலிருந்து எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அதில் ஸுல்தானின் சபையைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் பல வருடங்களுக்கு முன்பே வாசித்திருந்தேன், ஆனால் அப்போது மனதில் தைக்கவில்லை. அறிவு விடயத்தில் விளங்காமல் தலையாட்டக் கூடாது என்பது அந்தச் சபையின் ஒழுங்காம். அரசர் சொன்னதற்காக யாராவது பணிந்து ஆமோதித்தால், என்னை அறிவற்றவனென்று நினைத்தாயா என்று ஸுல்தான் கடிந்துகொள்வாராம். சில வேளைகளில் வேண்டுமென்றே பிழையான ஒன்றைச் சொல்லி, மரியாதைக்காக அதை ஏற்றுக்கொள்பவரைப் பிடித்துக் கொடுப்பாராம்.

அந்தச் சபையின் தலைசிறந்த ஆசிரியர்தான் காழீஸாதா, என் கிதாபின் விரிவுரையாசிரியர். அவருடைய கிதாபைக் கையில் வைத்துக்கொண்டு, கேள்வி கேட்ட பிள்ளையை நான் வாய்மூட வைத்திருக்கிறேன்! குழுவினர் வெளியே பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். நான் அந்த வாசல் வளைவில் கொஞ்ச நேரம் நின்றேன்.

உலூக் பேக்கின் முடிவை எழுதாமல் விட முடியாது. 1449இல் சொந்த மகன் அப்துல் லத்தீபிடம் போரில் தோற்று, ஹஜ்ஜுக்குப் போகிறேனென்று புறப்பட்டவரை, அதே மகனின் ஏற்பாட்டில் வழியில் சிரச்சேதம் செய்தார்கள். சில மாதங்களில் மகனும் கொல்லப்பட்டான். 1941இல் சோவியத் ஆய்வாளர்கள் கோரே அமீர் அடக்கத்தலத்தில் கப்றைத் திறந்தபோது தலை வேறாகவும் உடல் வேறாகவும் இருந்ததைக் கண்டார்கள். அவதான நிலையம் கேட்பாரற்றுச் சிதைந்தது. இடம்கூட மறந்துபோய், பழைய வக்பு ஆவணமொன்றில் கிடைத்த குறிப்பைக் கொண்டு 1908இல் வியாத்கின் என்ற ரஷ்யர் தோண்டிக் கண்டுபிடித்தார். அவரையும் அந்தக் குன்றிலேயே அடக்கியிருக்கிறார்கள்.

மகன் கொன்றான், மாணவர் காப்பாற்றினார். ஸீஜின் முன்னுரையில் உலூக் பேக் 'என் மகன்' என்று குறிப்பிட்ட அலீ குஷ்ஜி என்ற மாணவர், பின்னாளில் இஸ்தான்பூல் சென்று, ஸுல்தான் முஹம்மத் பாதிஹின் ஆதரவில் கற்பித்து, 1474இல் அங்கேயே மறைந்தார். ஸீஜ் மேற்கேயும் பரவி, 1665இல் ஒக்ஸ்போர்ட்டில் அச்சானது. அலீ குஷ்ஜி இன்னொன்றும் எழுதிவைத்தார். வானியலுக்கு அரிஸ்தூவின் தத்துவம் கட்டாயம் தேவையில்லை. பூமி நிற்கிறது என்பதை அவதானத்தால் மட்டும் நிரூபித்துவிட முடியாது. அது சுழல்கிறதென்று கொண்டாலும் தவறொன்றும் வராது என்றார். காழீஸாதாவிடம் கற்ற மாணவர் அவர்.

ஷவ்வாலில் வகுப்பு ஆரம்பமானது. முதல் நாளே எல்லா மாணவர்களுக்கும் முன்னால், ஜனவரியில் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் பிழையென்றும், கேட்டவனை அதட்டியது அதைவிடப் பிழையென்றும் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ரயிலையும் லொறியையும் பலகையில் வரைந்து, பூமி செவ்வாயை முந்தும் விதத்தை விளக்கினேன். 2025 ஜனவரி 16இல் சூரியன், பூமி, செவ்வாய் மூன்றும் நேர்கோட்டில் வந்தன. 780 நாளைக் கூட்டினால் அடுத்தது 2027 மார்ச் 7 வரும் என்று கணக்கும் போட்டேன்.

பாடம் முடிந்து எல்லோரும் போன பின் அவன் வந்து நின்றான். கையில் ஒரு வானியல் அட்டவணை. நூலகத்தில் எடுத்திருக்கிறான்.

"ஹஸ்ரத், கோபிக்காதீங்க. இதுல 2027 பெப்ரவரி 19ன்டு போட்டிருக்கு. உங்கட கணக்குல பதினாறு நாள் கூடுது. அந்தப் பதினாறு நாளும் எங்க போச்சு?"

780 என்பது சராசரிதான். நீள்வளையத்தில் போகும் செவ்வாய் சூரியனுக்குத் தூரமான பக்கத்தில் மெதுவாகப் போகும், அந்தப் பக்கத்தில் நாம் அதைச் சீக்கிரமே பிடித்துவிடுவோம். உடனே சொல்லிவிடலாம்தான். சொல்லவில்லை. "உட்காருங்க மகன், பார்ப்போம்" என்று, இரண்டு ஆணியும் ஒரு துண்டு நூலும் எடுத்து வரச் சொன்னேன்.